கட்டத்துக்குள் இரண்டு சொல்

என் ஆராய்ச்சி என்னவென்று பிள்ளைப்பாக்கத்தில் யார் கேட்டாலும் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வான். "பாப்பாவா? ஃப்ரிட்ஜ் வேலை பாத்துக்கினு கீது. சாதா ஃப்ரிட்ஜ் இல்ல, பி.எச்.டி. ஃப்ரிட்ஜு." கேட்டவர் உடனே, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பின்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வயதில், ஆறு வருஷமாகக் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்துச் சென்னையில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஓடுகிறவளுக்கு ஊரில் கிடைத்த பேர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

அண்ணனையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. நாங்களே அதை ஃப்ரிட்ஜ் என்றுதான் சொல்கிறோம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதன் அடியில் இருக்கிற குளிரோடு ஒப்பிட்டால் ஐஸ் கட்டி வெந்நீர். அந்தக் குளிருக்குள் உளுத்தம்பருப்பு அளவு ஒரு சில்லை இறக்கி, அதில் மின்சாரம் விடுவோம். சில்லின் மேல் காந்த குணமுள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கும். குளிர் போதுமான அளவு இறங்கியதும் மின்சாரம் படலத்தின் நடுவில் போகாது. வரப்பிலேயே நடக்கிற ஆள் மாதிரி ஓரமாகவே, ஒரே திசையில் ஓடும். அப்போது இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று அளந்து கணக்குப் போட்டால் ஒரு முழு எண் வந்து நிற்கும். எங்கள் படலத்துக்கு அது ஒன்று. ஒன்றேகால் வராது, முக்கால் வராது. சில்லின் மூலை உடைந்திருந்தாலும், தூசி ஒட்டியிருந்தாலும், கோணல்மாணலாக வெட்டியிருந்தாலும் அதே ஒன்று. புத்தகத்தில் இதற்கு இடவியல் மாறிலி என்று பெயர். அந்த எண்ணின் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நானும் அந்த ரகம்தான்.

அதில் மாறக்கூடியது ஒன்று உண்டு, குறி. கூட்டல் ஒன்றா, கழித்தல் ஒன்றா என்பது. காந்தத்தை மேல்நோக்கி வைத்து அளந்த எல்லாரும் இந்த வகைப் படலத்தில் கூட்டல்தான் கண்டிருந்தார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், படலத்தின் கலவையில் ஒரு பொருளை மாற்றச் சொன்னார். மாற்றினால் குறி திரும்பலாம் என்று காகிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. திரும்பினால் என் ஆராய்ச்சி முடிந்தது, பட்டம் கையில். திரும்பாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன் என்று ஆகும். இன்னொரு படலம், இன்னொரு வருஷம். என் ஆறு வருஷமும் ஒரு சின்னக் கோட்டை நம்பி உட்கார்ந்திருந்தது.

ஆனால் அளக்கிறதுக்கு முன்னாலேயே நான் மண்ணைக் கவ்வினேன். சில்லை, அடியில் எட்டுக் கால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வட்டமான தாங்கியில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் படலத்தின் எட்டு இடங்களை அந்த எட்டுக் காலோடு (லேபில் 'பின்' என்போம்) இணைக்க வேண்டும். மெஷினில் போட்டால் ஊசி படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி கையால், வெள்ளிப் பசை தொட்டு ஒட்ட வேண்டும். என் கையோ ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவளின் கை. நாலு சில்லைப் பாழாக்கினேன். நாலாவது பாழான அன்று, அதை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்து, சாப்பிடாமல் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏ பிள்ள, அத என்னத்துக்கு அப்படி மொறச்சுப் பாக்க? இங்க குடு," என்றாள் அண்ணி.

அண்ணிக்குக் கோவில்பட்டிப் பக்கம். பத்தொன்பது வயதில் இங்கே ஒரு செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவள். என்னைவிட நாலு வயசு மூத்தவள். இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் 'இன்னா'வும் 'வூடு'ம் அவள் வாயில் ஏறவில்லை. செல்போன் கம்பெனியில் ஏழு வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, பழுதான போர்டுகளைச் சரி பண்ணினாள். இப்போது ஒரகடத்தில், காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கனெக்டர் மாட்டுகிற கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஸ்ரீபெரும்புதூர் தேரடிப் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து, கடைக்காரருக்கே கை வராத நுணுக்க வேலைகளைச் செய்துகொடுப்பாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மேடமிடம் கேட்டேன். "கை நல்ல கையா இருந்தா யார் போட்டா என்ன?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கடையில், உடைந்த ஃபோன்களும் பேட்டரிகளும் குவிந்த மேஜையில் ஓர் இடத்தைத் துடைத்து, அண்ணி ஐந்தாவது சில்லை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். வெளியே கோயிலுக்கு வந்த வண்டிகளின் ஹாரன் காதைப் பிளந்தது. எனக்கு மூச்சு விடவே பயம். அண்ணி பாட்டுக்கு, வரும் வழியில் வாங்கின கனகாம்பரம் வாடிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒட்டினாள். எட்டு இணைப்பு. ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இருக்காது. முக்கால் மணி நேரத்தில் முடித்து, கழுத்தைச் சொடக்கிக்கொண்டு, "இதுக்கா இந்தப் பாடு?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது.

பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய ஓவர்டைம் சீட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் ஒரு வட்டம் போட்டாள். தாங்கியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதையும் குறித்து, அதிலிருந்து கடிகாரம் சுற்றுகிற பக்கமாக ஒன்றிலிருந்து எட்டு வரை எண் எழுதி, எந்தக் காலில் படலத்தின் எந்த இடம் என்று கோடு இழுத்துக் காட்டினாள். எல்லாம் முடிந்ததும் மேலே, தலைப்பு மாதிரி, ஒரு கட்டம் போட்டு அதற்குள் 'வயர் சைடு' என்று எழுதினாள்.

"பாத்து வெச்சுக்க. மேல எழுதியிருக்கேம்லா."

"சரி சரி அண்ணி," என்றேன். என் கண் ஃபோனில் இருந்தது. ஃப்ரிட்ஜில் எனக்கு எப்போது முறை என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு சொல்லும் அவள் கம்பெனிப் பழக்கம், எனக்கு எதற்கு என்று சீட்டை மடித்துப் பர்சில் வைத்தேன்.

அந்தச் சில்லு உள்ளே இறங்கி, குளிர்ந்து, காந்தத்தை ஏற்றி நான் அளந்த நாளை மறக்கமாட்டேன். திரையில் கோடு தள்ளாடியது, சறுக்கியது, பிறகு மேஜை மாதிரி மட்டமாகப் போய் நின்றது. ஒன்று. அதன் முன்னால் கழித்தல் குறி. ஆறு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று ஓவென்று அழுதேன். மேடம் ஓடிவந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பின் எல்லாம் செக் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் மேடம்."

எட்டு இணைப்பும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். எட்டும் இருந்தது. எது எது என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்த புத்திசாலி நான்.

"அப்போ எழுத ஆரம்பி. இது நின்னுடுச்சுன்னா உன் தீசிஸ் முடிஞ்சுது," என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "மைனஸ் வந்துடுச்சு அண்ணி!" என்று கத்தினேன். "மைனஸ்னா நல்லதா?" என்று கேட்டாள். "இதுல ரொம்ப நல்லது," என்றேன். அவ்வளவு போதும் அவளுக்கு. மறுநாள் கம்பெனி பஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்திருக்கிறாள். என் நாத்தனா பெரிய ஆராய்ச்சி பண்ணுதா, அதுக்குக் கம்பி ஒட்டுனது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அது அவள் சூப்பர்வைசர் காதுக்கும் போய், இவ்வளவு நல்ல கையை லைனில் நிற்க வைக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ட்ரெய்னராக வருகிறாயா என்று கேட்டார். நாள் முழுக்க நிற்க வேண்டாம். எட்டு மணி நேரம் நின்று நின்று ராத்திரியில் காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அண்ணன்கூட, "இன்னாமே, ஆபீசர் ஆவப்போறியா?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து, நான் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து வந்து பையை நாற்காலியில் எறிந்தாள்.

"புதுசா வந்த பிள்ள ஒண்ணு, நாப்பது பீஸக் கெடுத்துட்டா. பாவி மக, வயர் சைடுல பாத்து மாட்ட வேண்டியத, எதிர்ப்பக்கத்துல பாத்து மாட்டியிருக்கா. அம்புட்டையும் வெட்டிப் போட்டாச்சு."

"எந்தப் பக்கம் பாத்தா இன்னா அண்ணி? நம்பர் நம்பர்தானே?" என்று லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

அண்ணி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் பிடித்தாள். "மூணு எந்தப் பக்கம் இருக்கு? வலது பக்கம்லா? இப்போ இதுக்குப் பின்னாடி போய் நின்னு பாக்கதா நெனச்சுக்க. பன்னெண்டும் ஆறும் அங்கனயேதான் இருக்கும். மூணு மட்டும் எடது பக்கம் வந்துரும், ஒம்பது வலது பக்கம் போயிரும். பாதி சரியாவே இருக்கும். அதான் கண்டுபிடிக்க முடியாது."

பிறகு அவள் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது, ஆனால் தூரத்திலிருந்து கேட்டது. மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது லைனில் எல்லாரும் கூடுவார்களாம். தப்புப் பண்ணினவள் அந்தப் பீஸைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது நான் பண்ணது, இப்படி ஆச்சு, இனிமே இப்படிப் பார்ப்பேன் என்று சொல்ல வேண்டுமாம். அங்கே அதுதான் வழக்கம். சேர்ந்த வருஷம் அண்ணியும் இதே தப்புக்கு அப்படி நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் எதை வரைந்தாலும் எந்தப் பக்கமிருந்து வரைந்தது என்று கட்டம் போட்டு எழுதாமல் விடமாட்டாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு எலக்ட்ரீஷியன் போட்டுக்கொடுத்த படத்தில்கூட அவள் போட்ட கட்டம் இருக்கிறது. நான்தான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

பர்சிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பிரித்தேன். என் தாங்கியில் மின்சாரம் ஒன்றாம் காலில் ஏறி ஐந்தாம் காலில் இறங்கும், பன்னிரண்டும் ஆறும் மாதிரி. இடது ஓரத்துக்கு இரண்டு, மூன்று, நாலு. வலது ஓரத்துக்கு ஆறு, ஏழு, எட்டு. எங்கள் லேபில் தாங்கியைக் கவிழ்த்து, கால் நீட்டிக்கொண்டிருக்கிற அடிப்பக்கம் பார்த்துத்தான் எண்ணுவோம். அண்ணி கம்பி ஒட்டுகிற மேல்பக்கம் பார்த்து எண்ணியிருக்கிறாள். எண்ணியதை எழுதியும் கொடுத்திருக்கிறாள், கட்டம் போட்டு. இடதும் வலதும் இடம் மாறினால் மற்றதெல்லாம் சரியாகவே இருக்கும். குறி மட்டும் திரும்பும்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது, அப்படி இருக்காது, இருக்கவே இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன். லேபில் யாரும் வருவதற்கு முன்னால் சில்லைச் சாக்கெட்டில் பொருத்தி, மல்டிமீட்டரின் ஒரு முனையை அண்ணியின் சீட்டில் இரண்டு என்று போட்டிருந்த காலின் மேல்முனையில் வைத்தேன். இன்னொரு முனையை, சாக்கெட்டின் வயர்கள் வந்து சேரும் பெட்டியில் இரண்டாம் எண்ணில் வைத்தேன். சத்தம் இல்லை. எட்டாம் எண்ணில் வைத்தேன். பீப் என்றது. மூன்றுக்கு ஏழு, பீப். நாலுக்கு ஆறு, பீப். ஒன்றும் ஐந்தும் மட்டும் சொன்ன இடத்தில் இருந்தன. கையில் இருந்த பட்டம் வழுக்கிப் போனதை அந்தச் சத்தத்தில் கேட்டேன்.

பின்னால் மேடம் நின்றிருந்தார். "என்ன ஆச்சு?"

நான் திரும்பி, யோசிக்கக்கூட இல்லை, சொன்னேன். "கான்டாக்ட் போட்டவங்க பின்னை மாத்திப் போட்டுட்டாங்க மேடம்."

அவர் முகம் விழுந்தது. திரையைப் பார்த்தார். "சரி. குறியைத் திருப்பினா கூட்டல்தான். இனிமே வெளியாள் கையில குடுக்காதே, நீயே போடு," என்று சொல்லிவிட்டுப் போனார். பர்சில் அந்தச் சீட்டு இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மற்றவர்களை எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பேன்!

அதைவிடக் கேவலமானது வீட்டில் நடந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "என்னமோ ஆயிருக்கு. சொல்லு."

"மைனஸ் இல்ல அண்ணி. பின்னு மாறிப்போச்சு."

பருப்பு கடைந்துகொண்டிருந்த கை நின்றது. "நான் மாத்திப் போட்டுட்டனா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "விடுங்க அண்ணி, பரவால்ல," என்றேன். மன்னிக்கிறவள் மாதிரி! இதை எழுதும்போதுகூட என் முதுகில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"ஒங்க மேடம்கிட்ட நான் வாரேன்," என்றாள் அண்ணி. "வீக்லி ஆஃப் அன்னிக்கு வாரேன். அந்தப் பீஸக் கையில வெச்சுக்கிட்டு, நான்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லுதேன். ஒன்னைய ஒண்ணும் சொல்லக்கூடாதுல்லா."

"அதெல்லாம் வேணாம்," என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

நாலு நாள். அந்த நாலு நாளில் அண்ணி சாப்பிட்டாளா என்று தெரியவில்லை. என் டிபன் பாக்ஸ் மட்டும் தவறாமல் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் ஃபோன் பண்ணினார், எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் எனக்கு ட்ரெய்னர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கே பக்கம் தெரியல, நான் யாருக்குச் சொல்லிக்குடுக்க என்றாளாம். இதை எனக்குச் சொன்னது அண்ணன். ஷிப்ட் முடித்து வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"கண்ணு போயிடுச்சுன்னு ஒரே அழுகை பாப்பா. இன்னிக்குக் கண்ணு டாக்டராண்ட இட்டுக்கினு போனேன். எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டாரு. கண்ணு நல்லாத்தான் கீதாம். அப்புறம் இன்னாத்துக்கு அழுவுறான்னு எனக்குப் புரியல. உனக்கு எதுனா தெரியுமா?"

எனக்குத் தெரியாதா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஏழு வருஷம் மைக்ராஸ்கோப்பில் பழகின கண்ணை, என் ஒரு 'பரவால்ல' பரிசோதனைக்கு அனுப்பியிருந்தது.

மறுநாள் காலை அண்ணிக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் நிற்கிற முனைக்கு அவள் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். நான் நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சில்லு டப்பாவும் இன்னொரு கையில் சீட்டுமாகப் பின்னால் ஓடினேன். ஓடிப்போய் வழி மறித்தேன். டப்பாவைத் திறந்து தாங்கியை எடுத்து அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"இது நான் பண்ண தப்பு அண்ணி. நீங்க சரியாத்தான் போட்டீங்க. சரியா எழுதியும் குடுத்தீங்க. நான் பாக்கல."

அவள் சீட்டை வாங்கினாள். தெருவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த கட்டத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். வயர் சைடு. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும் அண்ணி. மேடம்கிட்ட முதல்ல உங்க மேலதான் பழியைப் போட்டேன்."

"நாலு நாளா சோறு எறங்கல எனக்கு. கண்ண நோண்டி நோண்டிப் பாத்தாரு அந்த டாக்டரு. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் வந்தது. சீட்டை என் கையில் திணித்துவிட்டு ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மத்தியானம் எங்கள் குழுவின் வாராந்திரக் கூட்டம். என் முறை வந்தபோது எழுந்து, அந்தத் தாங்கியைத் தூக்கிப் பிடித்தேன். எல்லாரும் விழித்தார்கள். "இது நான் பண்ணது," என்றேன். கான்டாக்ட் போட்டவர் மேல்பக்கம் பார்த்து எண்ணியதை எழுதியே கொடுத்தார், நான் படிக்கவில்லை, பின்னைச் சோதித்துவிட்டேன் என்று மேடமிடம் சொன்னது பாதிப் பொய், போன வாரம் சொன்னது முழுப் பொய் என்று சொல்லிச் சீட்டைத் திரையில் போட்டுக் காட்டினேன். மேடம் சீட்டையே பார்த்தபடி இருந்தார். "நாம கூட எந்தப் பக்கம்னு எழுதுறதில்லையே," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

கால்களை எண்ணும் பக்கத்தைத் திருத்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் குளிர வைத்து அளந்தேன். கூட்டல் ஒன்று. எல்லாரும் கண்டதேதான். கோடு மட்டும் அதே மட்டத்தில், தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றது. எனக்குப் பட்டம் கிடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அண்ணி என்னோடு பேச ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "அந்தப் பாழாப்போன பீஸ என்ன செஞ்ச?" என்று கேட்டாள். படலம் பழசாகி, இரண்டு கம்பி விட்டுப்போயிருந்தது. அதில் இனிமேல் அளக்க ஒன்றுமில்லை என்றேன். "அப்போ எனக்குக் குடு," என்றாள். எதற்கு என்று கேட்கப் பயமாக இருந்தது. மேடமிடம் அனுமதி கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் சூப்பர்வைசரிடம் போய், வேண்டாம் என்று சொன்ன வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அவரும் கொடுத்துவிட்டார். இப்போது ஒரகடத்தில் அவள் ட்ரெய்னர். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாள் முதல் பாடம் அந்தத் தாங்கிதான். கையில் கொடுத்து, மேலே பார், அடியில் பார், ரெண்டு பக்கமும் எண்ணு என்பாளாம். பிறகு, என் நாத்தனா பெரிய படிப்பு படிக்கா, அவளே பக்கம் பாக்காமக் கவுந்தா, நீங்க எம்மாத்திரம் என்பாளாம். கம்பெனி பஸ் போகும்போது ஜன்னலிலிருந்து என்னை, "மைனஸ் அக்கா!" என்று யாராவது கூப்பிடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு இது எவ்வளவோ தேவலை.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்துக்கொண்டே அண்ணி சொன்னாள். புதிதாக வந்த ஒரு பெண் கையைத் தூக்கி, "அப்புறம் அந்த அக்கா என்ன பண்ணாங்க?" என்று கேட்டாளாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்றேன்.

"கூட்டத்துல பீஸத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, நான் பண்ணதுன்னு நின்னான்னு சொன்னேன்."

"அவ்ளோதானா? அந்த நாலு நாளு?"

அண்ணி என் தட்டைப் பார்த்தாள், இன்னொரு தோசை போட்டாள். "பீஸுல இருக்க தப்பத்தான் லைன்ல சொல்லணும். மத்தது நம்ம வீட்டு விஷயம்லா. சாப்பிடு, ஆறிப்போகுது."